வாழ்க்கைக் குறிப்பின் பின்னால் வாவி

அம்மப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்குப் பக்கங்கள் ஆக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமாவுக்கு ஒரே விருப்பந்தான். வாழ்க்கைக் குறிப்பு அச்சாகும் பக்கத்தின் பின்னால் மட்டக்களப்பு வாவியும் கல்லடிப் பாலமும் மங்கலாகத் தெரிய வேண்டும். அம்மப்பா காலமெல்லாம் அந்த வாவியில் தோணி வலித்தவர், வலை வீசியவர். அவருடைய கதைக்குப் பின்னால் வேறெந்தப் படமும் பொருந்தாது என்றே எனக்கும் பட்டது.

வீட்டு அல்பத்தில் ஒரு படம் கிடைத்தது. புதிய பாலம் வருவதற்கு முன்னர் எடுத்தது. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் மட்டும் தனித்து நிற்கும். அதை ஸ்கான் செய்து ஜிம்ப் மென்பொருளில் திறந்தேன். காசு கொடுக்கத் தேவையில்லாத மென்பொருள். மலர் ஆக்க அது தாராளமாகப் போதும்.

முதலில் பக்கத்தின் அளவு. மலர் ஏ5 தாளில் வருகிறது என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் அகலம் 1748, உயரம் 2480 பிக்சல். அந்த அளவில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வாவிப் படத்தை அதற்கு மேல் தனி லேயராகக் கொண்டுவந்தேன். லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களாக நினைத்துக்கொண்டால் மீதியெல்லாம் விளங்கிவிடும். ஒபாசிட்டி என்ற அளவை 100இலிருந்து 20க்கு இறக்கியதும் படம் வெளிறியது. அப்போதும் படத்துக்கு எதுவும் ஆகவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் படம் 20 பங்கு, கீழே இருக்கும் வெள்ளை 80 பங்கு என்று கலந்து காட்டுகிறது, அவ்வளவுதான். கீழே வெள்ளை லேயர் இல்லாவிட்டால் அந்த 80 பங்கில் வெறுமையைக் குறிக்கும் சாம்பல் கட்டங்கள்தாம் தெரியும். போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே படத்தை நேரடியாகத் திறந்தால் அது பூட்டிய அடித்தளமாக வரும், ஒபாசிட்டி அசையாது. லேயர் பட்டியலில் அதை இரண்டு தரம் சொடுக்கிச் சாதாரண லேயராக மாற்றினால் வேலை நடக்கும்.

மேலே மாதிரிக்கு எழுத்து வைத்து ஒரு தாள் அச்சிட்டு மாமாவிடம் கொடுத்தேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "மருமகன், எழுத்து வடிவாகத் தெரிகிறது. பாலம் எங்கே?" என்றார். ஒபாசிட்டியை 45க்கு ஏற்றி இன்னொரு தாள் கொடுத்தேன். "இப்போது பாலம் இருக்கிறது. ஆனால் வயது போன சனங்கள் இதை வாசிக்க வேண்டுமே."

இரண்டும் சரியான பேச்சு. பக்கம் முழுவதற்கும் ஒரே அளவில் மங்கவைத்தால் எழுத்துக்கும் படத்துக்கும் இழுபறிதான். அங்கேதான் லேயர் மாஸ்க் கைகொடுத்தது. படத்தின் லேயரில் மவுசின் வலது பொத்தானால் சொடுக்கி, வெள்ளை மாஸ்க் ஒன்றைச் சேர்த்தேன். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் அரைகுறையாகத் தெரியும். ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும்படி தீட்டும் கிரேடியன்ட் கருவியால் மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று ஒரே இழுப்பு. வானம் கரைந்து தாளின் வெண்மையோடு சேர்ந்தது, தண்ணீரும் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் அடியில் நின்றன. ஒபாசிட்டியை 60க்கு ஏற்றியும் எழுத்துக்கு இடைஞ்சல் இல்லை. கடைசிப் பந்தியின் இரண்டு வரிகள் மட்டும் சட்டங்களின் மேல் விழுந்தன. ஓரம் மென்மையான தூரிகையைச் சாம்பல் நிறத்தில் எடுத்து, மாஸ்க்கில் அந்த இடத்தை மட்டும் மெல்லத் தடவினேன். கூடிப் போனால் வெள்ளையால் தடவித் திருப்பிக் கொண்டுவரலாம், படம் சேதமாகாது. அழிப்பானால் படத்தையே அழிப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அச்சகத்தில் எழுத்தைப் பாமினி எழுத்துருவில் அவர்களே கோப்பார்கள் என்பதால், மாதிரி எழுத்தின் லேயரை மறைத்துப் பின்னணியை மட்டும் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து கொடுத்தேன். ஜேபெக்கில் ஊடுதெரியும் தன்மை நிற்காது. அடியில் வெள்ளை லேயர் இருந்ததால் அதனால் பாதிப்பில்லை. பின்னணி இல்லாமல் படம் மட்டும் ஊடுதெரிய வேண்டுமானால் பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும்.

திரையை மட்டும் நம்பி அச்சுக்கு விடாதீர்கள். திரை ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. திரையில் மெல்லிசாகத் தெரிந்த முகில்கள் அச்சகத்து மாதிரித் தாளில் அடியோடு காணாமல் போயிருந்தன. வாவியின் இருண்ட பகுதியோ நான் நினைத்ததைவிடக் கறுத்திருந்தது. மாஸ்க்கில் முகில் பக்கம் கொஞ்சம் வெளுப்பாக்கி, ஒபாசிட்டியை 50க்கு இறக்கியபின்தான் சரிவந்தது. லேயர்களோடு ஜிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பிலும் சேமித்து வைத்திருந்தேன். அதனால் அந்தத் திருத்தம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது, அன்று பின்னேரமே மலர் அச்சுக்குப் போனது.