மெழுகு தொடும் முன்

மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரமும் ஒரு கட்டி பாலிஷ் மெழுகும் இருந்தால் எந்த உலோகத்தையும் கண்ணாடி போலாக்கிவிடலாம் என்றுதான் தொடக்கத்தில் நம்பியிருந்தேன். பழைய பித்தளைக் கதவுக் கைப்பிடி ஒன்றை அந்த நம்பிக்கையில் நேராகச் சக்கரத்தில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் அது மின்னியது. ஆனால் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தபோது, என்றோ அரம் பட்ட கீறல்கள் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. கீறலின் ஓரங்கள் மழுங்கியிருந்தனவே தவிர, பள்ளம் அப்படியே இருந்தது.

அன்று முதல் உப்புத்தாளுக்கே அதிக நேரம் கொடுக்கிறேன். 220, 320, 400, 600 என்று சொரசொரப்பிலிருந்து நுண்மையை நோக்கி வரிசையாகப் போகும்போது, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்ற வேண்டும். அப்போதுதான் முந்தைய தாளின் கோடுகள் புதிய கோடுகளுக்குக் குறுக்கே தனித்துத் தெரியும், அவை முற்றிலும் மறைந்த பிறகுதான் அடுத்த தாளை எடுக்க வேண்டும் என்பதும் விளங்கும். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு எந்தச் சக்கரமும் கைகொடுக்காது.

மெழுகு என்று சொல்கிறோமே தவிர, உலோகத்தைத் தேய்ப்பது அதில் கலந்திருக்கும் நுண்துகள்தான். அந்தத் துகளைத் துணியில் ஒட்டவைப்பதும் உராய்வைத் தணிப்பதும் கொழுப்பு, மெழுகு ஆகியவற்றின் வேலை. டிரிப்போலி என்னும் பழுப்பு நிறக் கட்டியில் சிலிக்கா இருக்கிறது. அது வெட்டும் வேகம் அதிகம், பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் முதற்கட்டத்தில் ஏற்றது. ரூஜ் என்னும் சிவப்புக் கட்டியில் இரும்பு ஆக்சைடு. அது மிக மென்மையானது, கடைசி மினுக்கத்துக்கு உரியது. எவர்சில்வருக்குப் பெரும்பாலும் பயன்படும் பச்சைக் கட்டியில் குரோமியம் ஆக்சைடு இருக்கும். ஒரு மெழுகு பூசிய சக்கரத்தில் இன்னொன்றைப் பூசக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனெனில் ரூஜ் சக்கரத்தில் நாலைந்து டிரிப்போலித் துகள் சேர்ந்தாலே கடைசிக் கட்டம் முழுவதும் கெட்டுவிடும்.

மெழுகை ஓடும் சக்கரத்தில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். அதிகமானால் உலோகத்தின் மேல் கருப்புப் பிசுக்குக் கோடுகள் படியும், துணியும் இறுகிவிடும். அப்போது மேலும் மெழுகு பூசாமல், சக்கரத்தை வாரிவிட்டுப் பழைய படிவை உதிர்க்க வேண்டும்.

200 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2800 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1760 மீட்டர் ஓடுகிறது. தேய்ந்து 150 மில்லிமீட்டரானால் அது 1320 மீட்டராகக் குறைகிறது. பழைய சக்கரம் மந்தமாக வெட்டுவதாகத் தோன்றினால் மெழுகைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேகத்தை மதிக்க எனக்கு ஒரு மெல்லிய பித்தளைத் தகடு கற்றுக்கொடுத்தது. நம்மை நோக்கிக் கீழிறங்கிச் சுழலும் சக்கரத்தில், பொருளை அச்சுக்குக் கீழே, அதன் ஓரம் தரையைப் பார்த்திருக்கும்படி பிடிக்க வேண்டும். நானோ மேல் ஓரத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணிமைக்கும் முன் தகடு கையிலிருந்து பறிபோய்த் தரையில் மோதி வளைந்தது. விரல் தப்பியது பெரிய காரியம். துணிக் கையுறை அணிவதை அன்றே விட்டேன், ஏனெனில் சக்கரம் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். தளர்ந்த சட்டைக் கையும் சங்கிலியும் அப்படித்தான். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடும் என்பதால் தூசுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் மோட்டாரைப் போடுவதில்லை.

சென்ற வாரம் அதே கைப்பிடியை மறுபடி எடுத்தேன். உப்புத்தாள் முடித்து, டிரிப்போலி போட்டு, வெந்நீரிலும் சோப்பிலும் மென்மையான தூரிகையால் கழுவித் துடைத்து, தையல் குறைந்த தளர்வான சக்கரத்தில் ரூஜை மிக இலேசாகக் கொடுத்தேன். சன்னலருகே சாய்த்துப் பார்த்தபோது கம்பிகள் நெளியாமல் அதில் தெரிந்தன. திருகாணித் துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வால் போல் சிறு பள்ளம் இழுத்திருந்தது. ஒரே திசையில் பிடித்ததன் விளைவு அது. மற்றொரு கைப்பிடியில் துளை அருகே வரும்போதெல்லாம் பொருளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன், வால் விழவில்லை.