ஆஸ்திரேலியப் பட்டாலியன்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு: போர்க்களத்துக்கு முன்னால் படை திரட்டலைப் படியுங்கள்

மெல்பேர்னில் வரலாற்றில் முதுகலை படித்தபோது, ஆஸ்திரேலியக் காலாட்படை பட்டாலியன்கள் (ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள்) எப்படித் திரட்டப்பட்டன, இரண்டு உலகப் போர்களிலும் என்ன செய்தன என்பதே என் ஆய்வுக் கட்டுரையின் பொருளாக இருந்தது. இறுதித் தேர்விலும் அதே பகுதியிலிருந்து பெரிய கேள்வி ஒன்று வந்தது. இந்தப் பாடத்தை எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் போரில் தொடங்குகிறார்கள். துருக்கியின் கலிப்பொலிக் கரையிறக்கம், பிரான்ஸின் போசியேர், பாப்புவாவின் கொக்கோடா என்று வரிசையாகக் குறிப்பெடுத்து, எந்தப் பட்டாலியன் எங்கே நின்றது என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வறையில் அது தேதிகளின் குவியலாக வந்து விழுகிறது. நான் சொல்லும் வழி வேறு. ஒரு பட்டாலியனை எடுத்தவுடன் அதை எந்த ஊரில், எந்தச் சட்டத்தின் கீழ், யாரை வைத்து, எங்கே அனுப்புவதற்காகத் திரட்டினார்கள் என்று கேளுங்கள். அது களத்தில் சந்தித்தவற்றில் பாதிக்கு விளக்கம் அந்த விடையிலேயே கிடைத்துவிடும்.

சட்டம் என்றால் முதலில் 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம். குடிமக்கள் படையில் இருப்பவரை ஆஸ்திரேலிய எல்லைக்கு வெளியே போரிடக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் நிலை. அதனால்தான் 1914 ஆகஸ்டில் 20,000 பேரை அனுப்புவதாக அரசு வாக்களித்தபோது, இருந்த படையை அப்படியே கப்பலேற்ற முடியவில்லை. ஏ.ஐ.எஃப். (ஆஸ்திரேலிய இம்பீரியல் படை) என்ற புதிய தன்னார்வப் படையை ஜெனரல் பிரிட்ஜஸ் தலைமையில் அடியிலிருந்து கட்டினார்கள். இந்த ஒரு செய்தியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் அடுத்த முப்பது ஆண்டுக் கதைக்கும் நூல் கிடைத்துவிடும்.

அடுத்தது மாநிலம். சில பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேட், சில பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன். ஏ.ஐ.எஃப்.பின் முதல் டிவிஷனில் 1 முதல் 4 வரையான பட்டாலியன்கள் நியூ சவுத் வேல்ஸ், 5 முதல் 8 வரை விக்டோரியா, 9 குயின்ஸ்லாந்து, 10 தெற்கு ஆஸ்திரேலியா, 11 மேற்கு ஆஸ்திரேலியா. 12ஆவது மட்டும் டாஸ்மேனியாவோடு தெற்கு, மேற்கு மாநில ஆட்களும் சேர்ந்தது. 1915 ஜனவரி 10 அன்று கீசாவின் பெரிய பிரமிடின் மீது 11ஆவது பட்டாலியன் வீரர்கள் நூற்றுக்கணக்கில் அமர்ந்து எடுத்த படம் புகழ்பெற்றது; கட்டாயம் பாருங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஏப்ரல் 25 விடியற்காலையில் கலிப்பொலியில் முதலில் கரையிறங்கிய 3ஆவது பிரிகேடில் இந்தப் பட்டாலியனும் இருந்தது. ஒரே பகுதியில் ஆள் திரட்டினால் ஒரு நாளின் இழப்பும் அதே பகுதியின் வீடுகளில்தான் போய் இறங்கும். விடையில் இதை எழுதாமல் விடாதீர்கள்.

அடுத்து, தேர்வுக்கு மிகவும் கைகொடுத்த பகுதி: 1916இன் தொடக்கத்தில் எகிப்தில் நடந்த இரட்டிப்பு. கலிப்பொலியிலிருந்து திரும்பிய பட்டாலியன்களை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய வீரர்களில் பாதிப் பேர் புதிய பட்டாலியனுக்குப் போனார்கள். இரண்டு பக்கத்துக் காலியிடங்களையும் புதியவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். 1ஆவதிலிருந்து 53, 8ஆவதிலிருந்து 60, 9ஆவதிலிருந்து 49, 13ஆவதிலிருந்து 45 என்று பதினாறு பட்டாலியன்கள் இப்படிப் பிறந்தன. முழுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன், நீங்களும் செய்யுங்கள்.

பட்டியலோடு நிறுத்தாமல் ஒரு பட்டாலியனைப் பின்தொடருங்கள். நான் பின்தொடர்ந்தது 60ஆவது. பிப்ரவரியில் பிறந்த அது, ஜூலை 19 மாலையில் பிரான்ஸின் ஃப்ரோமெல் களத்தில் இறங்கியது. 5ஆவது டிவிஷன் அந்த ஓர் இரவில் இழந்தவர்கள், இறந்தோரும் காயமடைந்தோரும் சிறைப்பட்டோரும் சேர்த்து, 5,533 பேர். 60ஆவது மட்டும் 757 பேரை இழந்தது. ஐந்து மாதக் குழந்தையான பட்டாலியன் ஒரே நாளில் ஏறக்குறைய அழிந்தது. மீண்டும் நிரப்பினார்கள். ஆனால் கட்டாய ராணுவச் சேவைக்காக 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் நடந்த இரண்டு பொதுவாக்கெடுப்புகளும் தோற்றன. ஆள் வரத்து வற்றியது. 1918இல் சில பட்டாலியன்களைக் கலைத்து மற்றவற்றுக்கு ஆள் கொடுக்க முடிவானது. அந்தச் செப்டம்பரில் பல பட்டாலியன்களின் வீரர்கள் கலைய மறுத்தார்கள். 60ஆவதும் மறுத்தது, பிரிகேடியர் பாம்பி எலியட் நேரில் வந்து பேசிய பிறகே இணங்கியது. இதைப் படித்தபோது என்னால் சாதாரணமாகப் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. தோழர்களைப் புதைத்துவிட்டு எஞ்சியிருந்தவர்களுக்கு மிச்சமிருந்தது அந்த எண்ணும் தோளில் தைத்த வண்ணப் பட்டையும்தான்.

1903இன் சட்டம், அதனால் தன்னார்வப் படை, அதனால் ஆள் பற்றாக்குறை, அதனால் கலைப்பு. இந்தச் சங்கிலியை விடைத்தாளில் எழுதிக் காட்டினால் திருத்துபவருக்கு நீங்கள் பாடத்தைப் புரிந்துகொண்டவர் என்று தெரியும்.

எண்களில் கவனம் வேண்டும். போருக்குப் பிறகு உள்நாட்டு மிலிஷியாவின், அதாவது குடிமக்கள் படையின், பட்டாலியன்கள் பழைய ஏ.ஐ.எஃப். எண்களையே எடுத்துக்கொண்டன. எனவே 1939இல் இரண்டாவது ஏ.ஐ.எஃப். திரட்டப்பட்டபோது அதன் பட்டாலியன்களுக்கு முன்னால் ‘2/’ சேர்த்தார்கள். 14ஆவது வேறு, 2/14ஆவது வேறு. 2/14 தன்னார்வலர்களின் படை; எங்கும் அனுப்பலாம். அதே காலத்தில் ‘2/’ இல்லாத பட்டாலியன் என்றால் பொதுவாக மிலிஷியா.

இனி 39. 1941 அக்டோபரில் விக்டோரியாவின் டார்லி முகாமில் திரட்டிய மிலிஷியாப் பட்டாலியன் இது. வீரர்களில் பலர் பதின்வயது கடக்காதவர்கள். நியூ கினித் தீவின் தென்கிழக்கிலுள்ள பாப்புவா அன்று ஆஸ்திரேலியாவின் ஆட்சிப் பகுதி என்பதால் சட்டத்தை மீறாமலே இவர்களை அங்கே அனுப்ப முடிந்தது. 1942 ஜனவரியில் போர்ட் மோர்ஸ்பியில் இறங்கியவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் கப்பல் சரக்கு இறக்குவதும் குழி வெட்டுவதும்; பயிற்சி சொற்பம். ஏ.ஐ.எஃப். வீரர்கள் இவர்களை சூடு பட்டால் உருகிவிடுவார்கள் என்ற பொருளில் ‘சாக்லெட் சிப்பாய்கள்’ என்று ஏளனம் செய்தார்கள். ஜூலை 21 அன்று ஜப்பானியர் வடகரையில் இறங்கத் தொடங்கியதும், மலையைக் கடந்து அவர்களை எதிர்கொண்டது இந்தப் பட்டாலியனும் பாப்புவன் காலாட்படை பட்டாலியனும்தான்.

39இன் தளபதி வில்லியம் ஓவன் ஜூலை 29 அன்று கொக்கோடாவில் இறந்தார். ஆகஸ்டு நடுவில் ரால்ஃப் ஹானர் பொறுப்பேற்று, கொக்கோடா மலைப்பாதையிலுள்ள இசுராவாவில் படையை நிறுத்தினார். உதவிக்கு வந்த 2/14ஆவதும் 2/16ஆவதும் இவர்களோடு சேர்ந்து நின்றன. 2/14இன் புரூஸ் கிங்ஸ்பரி ஆகஸ்டு 29 அன்று அங்கே உயிர்விட்டு, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். மாணவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று: ஓவன் 2/22ஆவதிலிருந்து வந்தவர், ஹானர் 2/11ஆவதிலிருந்து. மிலிஷியா ஒரு பக்கம், ஏ.ஐ.எஃப். ஒரு பக்கம் என்று வரைந்த கோடு தலைமையில் அப்போதே அழிந்துவிட்டது. வீர வழிபாட்டைத் தாண்டி எழுத விரும்புகிறவர் இந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். டிசம்பர் 9 அன்று வடகரையில் ஜப்பானியர் பிடித்திருந்த கோனா விழுந்ததில் 39க்கும் பங்குண்டு. 1943 ஜனவரியில் அணிவகுப்பில் நிற்க முடிந்தவர்கள் 32 பேர். அந்த ஜூலையில் பட்டாலியனையே கலைத்துவிட்டார்கள்.

மூல ஆவணங்கள் வீட்டிலிருந்தே கிடைக்கும். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகம் பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது: முதல் போருக்கு ஏ.டபிள்யூ.எம்.4, இரண்டாவதற்கு ஏ.டபிள்யூ.எம்.52 என்ற தொகுதிகள். தனி வீரர்களின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. முதல் போருக்குரிய தொகுதி பி2455. பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம். நாட்குறிப்பைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: கடுமையாக அடிவாங்கிய நாளில் எழுத ஆளிருக்காது, பதிவு சுருங்கிவிடும். ஒரு பக்கத்தில் நான்கு வரிதான் இருக்கிறதென்றால் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பின்னிணைப்புகளையும் பிரிகேடின் நாட்குறிப்பையும் திறந்து பாருங்கள்.

இரண்டாம் போர் வீரரின் படை எண்ணில் முதல் எழுத்து மாநிலம். விக்டோரியாவுக்கு ‘வி’, நியூ சவுத் வேல்ஸுக்கு ‘என்’. அடுத்து ‘எக்ஸ்’ இருந்தால் ஏ.ஐ.எஃப்., இல்லையென்றால் மிலிஷியா. ஒரே மனிதருக்கு இரண்டு எண்களும் இருந்தால் அவர் மிலிஷியாவிலிருந்து ஏ.ஐ.எஃப்.பில் சேர்ந்தவர், தேடும்போது இரண்டையும் தேடுங்கள்.

8ஆவது டிவிஷனை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது 2/18, 2/19, 2/29 போன்ற பட்டாலியன்களின் வீரர்கள் கைதிகளாயினர். பலர் தாய்லாந்து–பர்மா ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக மடிந்தார்கள். ஆஸ்திரேலியக் கைதிக்குப் பெயரும் எண்ணும் கோப்பும் உண்டு. நம்மவருக்குப் பெரும்பாலும் அது இல்லை. கட்டுரையில் ஒரு பத்தி அவர்களுக்கும் ஒதுக்குங்கள். ஆவணம் யாருக்கு எழுதப்பட்டது, யாருக்கு எழுதப்படவில்லை என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்தப் பாடத்தில் இல்லை.

தேர்வுக்கு இரண்டு பட்டாலியன்கள் போதும். ஒரு போருக்கு ஒன்று. பத்தைத் தொட்டுச் செல்பவரைவிட இரண்டை ஆழமாக அறிந்தவரின் விடை எப்போதும் கனமாக இருக்கும். முதல் போருக்கு, தாயும் பிள்ளையுமாக 8, 60 இரண்டையும் சேர்த்தே படியுங்கள். இரண்டாவதற்கு 39 எடுத்தால் பக்கத்தில் 2/14ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மலையில், ஒரே வாரத்தில், இரண்டு விதமாகத் திரட்டிய படைகளை ஒப்பிடும் வாய்ப்பு அது. இந்த வாரமே 2/14இன் 1942 ஆகஸ்டு நாட்குறிப்பைத் திறந்து, இசுராவா நாட்களை மட்டும் உங்கள் கையெழுத்தில் குறிப்பெடுக்கத் தொடங்குங்கள்.