கிடந்த லான்ட்மாஸ்டரை உழவுக்கு இறக்கிய கதை

பழுதாகிக் கிடந்த எங்கள் உழவு மெசினின் எஞ்சின் ஓடினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எஞ்சின் ஓடியது ஆடி மாதத்தில், கலப்பை ஒழுங்காக ஒரு சால், அதாவது ஒரு உழவுக் கோடு போட்டது புரட்டாதி கடைசியில். நடுவில் போன அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன், ஏனென்றால் எஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள் கிளிநொச்சிப் பக்கம் தேடினால் கிடைப்பார்கள், அதை உழவுக்குப் பொருத்துவது எப்படி என்று பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

லான்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். ஆனால் வன்னியில், பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின் எதுவானாலும் லான்ட்மாஸ்டர்தான். எங்களுடையது யப்பான் குபோட்டா. படுத்த சிலிண்டர் ஒன்று, மேலே தண்ணீர்த் தொட்டி, கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது. வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த காசில் அப்பா 1981இல் அதைப் பழசாகவே வாங்கினார். 2009 தொடக்கத்தில் யுத்தத்தால் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கிளச் போய் கொட்டிலில் நின்றது, அதனால் கொண்டுபோக முடியவில்லை. 2010இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கொட்டில் இல்லை, ரயர் இரண்டும் இல்லை, பின்னால் இழுக்கும் பெட்டியும் இல்லை, மெசின் மட்டும் மூக்குக் குத்தியபடி பற்றைக்குள் கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் எத்தனையோ தரம் வந்து கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. மாமரத்தடிக்கு இழுத்து வந்து தறப்பாள் போட்டு மூடி வைத்தார்.

2022இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வயலுக்கு எப்படியோ பெரிய மெசின் பிடித்தோம். கச்சான் (நிலக்கடலை) போடும் மேட்டுக்காணி ஒரு ஏக்கரும் அந்த வருடம் சும்மா கிடந்து கோரை மூடிவிட்டது. கொஞ்சம் டீசலோடு நாங்களே உழக்கூடிய ஒரு மெசின் வளவுக்குள் கிடக்க, கூலிக்கு ஆள் தேடித் திரிகிறோமே என்பது மனதைக் குடைந்தது. அடுத்த வருடம் சித்திரை முடியத் தொடங்கினேன்.

பிஸ்டன் இறுகியிருந்தது. ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு கிழமை விட்டேன், அசையவில்லை. பரந்தனில் இருந்து வந்த மெக்கானிக் அண்ணை பார்த்த உடனே, "தம்பி, சிலிண்டர் படுத்துக் கிடக்கு. நீ ஊத்தினது கீழ்ப்பக்கத்திலை மட்டும்தான் நிக்கும், மேல் பாதிக்கு ஒண்டும் போயிருக்காது" என்றார். எஞ்சினைச் சட்டத்திலிருந்து கழற்றி, சிலிண்டர் வாய் மேலே பார்க்க முதிரைக் கட்டைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, மறுபடி ஊற்றினோம். ஒன்பதாம் நாள் பலகைத் துண்டை வைத்துத் தட்ட, ஒரு நூல் அளவு இறங்கியது. அங்கே அவசரப்பட்டு இரும்பால் அடித்திருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும். பிறகு லைனரும் ரிங்கும் புதுசு, வால்வ் இரண்டும் தேய்த்து இருத்தினோம். தண்ணீர்த் தொட்டிக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கட்டியாகப் பிடித்திருந்தது. வினாகிரி கலந்த தண்ணீரை இரண்டு இரவு நிற்கவிட்டுச் சுரண்டி எடுத்தேன். இப்போது மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. டீசல் பம்பைத் திரும்பப் பூட்டும்போது அதன் அடியில் இருந்த மெல்லிய தகடுகளில் ஒன்று மண்ணெண்ணெய்ச் சட்டியிலேயே தங்கிவிட்டது. கடதாசி மாதிரித் தகடு, போனால் என்ன என்று நினைக்கத் தோன்றும். அந்தத் தகடுகளின் தடிப்பில்தான் டீசல் எந்த நேரத்தில் பாய வேண்டும் என்ற கணக்கே இருக்கிறது. ஒன்று குறைந்தால் டீசல் முந்திப் பாயும். சுற்றினேன், பிஸ்டன் மேலே வந்து சேர முதலே எரிந்து, ஸ்டார்ட் பண்ணச் சுற்றும் கம்பியைத் திருப்பி அடித்தது, மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது. பெருவிரலைக் கம்பியின் மறுபக்கமாகச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்திருந்ததால் எலும்பு தப்பியது. அந்தப் பிடியைச் சின்ன வயதிலேயே அப்பா பழக்கியிருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசலை விசிறும் இன்ஜெக்டரை வெளியே கழற்றி விசிறல் பார்க்கும்போது கையை முன்னால் நீட்டவே கூடாது. அந்த அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சரி, எஞ்சின் ஓடியது. பெல்ட் மூன்றையும் ஒன்றாகப் புதுசு போட்டேன். இரண்டு பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பாரம் முழுக்கப் புதுசில் விழுந்து அது முதலில் போய்விடும். கிளச் தட்டும் மாற்றியாயிற்று.

இனி உழவு. ஊரில் எல்லாரும் சுழல் கலப்பையைத்தான் பூட்டச் சொன்னார்கள். வயல் சேற்றுக்கு அது நல்லது, நானும் மறுக்கவில்லை. ஆனால் கோரை மண்டின மேட்டுக்காணிக்கு அதை விடவே கூடாது என்பது என் முடிவு. அந்தக் கத்திகள் கோரையின் வேரையும் கிழங்கையும் வெட்டிக் காணி முழுக்க விதைத்துவிடும். மண்ணைப் புரட்டிப் போடும் ஒற்றைக் கலப்பையால் உழுது, கிழங்கு மேலே வந்து வெயிலில் காய விட்டு, பிறகு பொறுக்கி எடுக்க வேண்டும். பழைய ஒற்றைக் கலப்பை ஒன்றை விசுவமடுவில் ஒரு வீட்டுக் கோடிக்குள் கண்டுபிடித்தேன். மண்ணை வெட்டும் இரும்பான கொழு தேய்ந்து மழுங்கியிருந்தது. பட்டறையில் நுனிக்குத் தடித்த உருக்குத் துண்டு வைத்து ஒட்டி, தீட்டி எடுத்தோம். புரட்டும் தகட்டில் துரு இருந்தால் மண் வழுக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் மண்கடதாசியால் மூன்று பின்னேரம் தேய்த்தேன். கை வைத்தால் வழுக்க வேண்டும், அவ்வளவு மினுக்கம் வந்த பிறகுதான் விட்டேன்.

பூட்டிக்கொண்டு போய் இறக்கினால் முதல் நாள் முழுக்கத் தோல்வி. முதல் சால் ஏதோ வந்தது. இரண்டாவது சாலில் கலப்பை சரிந்து, மண்ணைப் புரட்டாமல் கீறிக்கொண்டு போனது, மூக்கு மேலே எழும்பியது, ஹான்டிலை அமுக்கி அமுக்கித் தோள் இரண்டும் கழன்ற மாதிரி. கொழுவைக் குறை சொன்னேன், மண்ணைக் குறை சொன்னேன். காரணம் இரண்டும் இல்லை. இரண்டாவது சாலில் இருந்து வலது சில்லு வெட்டின சாலுக்குள் இறங்கி ஓடுகிறது, இடது சில்லு உழாத நிலத்தில் மேலே ஓடுகிறது. மெசின் முழுக்க வலப்பக்கம் சரிந்துதான் நிற்கும். சமதரையில் நேராகப் பூட்டின கலப்பையும் அதோடு சேர்ந்து சரிகிறது.

இதற்கு வழி சொன்னது அப்பா. எண்பது தாண்டிவிட்டது, கதிரையில் இருந்தபடியே சொன்னார். மெசினை வீட்டு முன் சீமெந்துத் தரைக்குக் கொண்டு வந்து, இடது சில்லுக்குக் கீழே ஐந்து அங்குலக் கட்டை வைத்தோம். ஐந்து அங்குலம் என்பது நாங்கள் உழ நினைத்த ஆழம். இப்போது மெசின் சாலுக்குள் நிற்கிற மாதிரியே சரிந்து நிற்கும். அந்த நிலையில் கலப்பையைத் தளர்த்தி, கொழுவின் அடி தரையில் சமமாக உட்கார்ந்து, கலப்பைக் கால் நிமிர்ந்து நிற்கும்படி பூட்டி இறுக்க வேண்டும். அவ்வளவுதான். தரையில் பார்க்க மெசின் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம் என்று கோணலாகத்தான் தெரியும், காணியில் இறக்கினால்தான் நேர் தெரியும்.

அடுத்தது பாரம். கலப்பை இழுக்கும்போது முன்பக்கம் எழும்பாமல் இருக்க மூக்கில் பழைய இரும்புத் துண்டுகளைத் தாங்கி அடித்துக் கட்டினேன். மேலே ஓடும் இடது சில்லில் பாரம் குறைந்து பிடிப்பு விட்டுப்போக, வலது சில்லு தள்ளி மெசின் இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. இடது சில்லுக்கு மட்டும் தனியாகப் பாரம் ஏற்றினதும் அது நின்றது. ரயர்களையும் நான் முதலில் பிழையாகத்தான் பூட்டியிருந்தேன். பின்னால் நின்று பார்த்தால் அந்தத் தடித்த வரிகளின் கூர் மேலே பார்க்க வேண்டும், மாறினால் பிடிப்பு போய்விடும். சில்லுகளின் அகலத்தையும் குறைத்தோம். வலது சில்லு வெளியே தள்ளி நின்றால் ஒவ்வொரு சாலுக்கும் நடுவில் உழாத மண் ஒரு கீற்றாக மிஞ்சும், மேலே புரண்ட மண் மூடிவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. வாய்க்கால் கரையில் இறங்கும்போது திருப்பும் பிடியைத் தொடுவதானால் கவனம். சமதரையில் வலது பிடியை அமுக்கினால் வலது சில்லுக்கு எஞ்சின் இழுப்பு விட்டு, வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் மெசின் தன் பாரத்தில் உருளும்போது அதே பிடி இடப்பக்கம் திருப்பும். இறக்கத்தில் பிடியைத் தொடாமல், கியரைக் குறைத்து, ஹான்டிலைத் தள்ளித் திருப்புவதுதான் பாதுகாப்பு. யுத்தத்தில் புதைந்த வெடிபொருள் கிடக்கக்கூடிய எங்கள் காணிகளுக்கே உரிய இன்னொரு கவனமும் உண்டு, இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழுவில் இரும்புச் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, மெசினை விட்டு வந்த சாலாலேயே திரும்பி நடக்க வேண்டும். எனக்கு ஒருமுறை கேட்டது. அறிவித்து, வந்து பார்த்தார்கள், வெறும் தண்டவாளத் துண்டு. பங்கருக்குப் போட்டதாக இருக்கும்.

புரட்டாதி கடைசியில், முதல் மழைக்கு முந்தின கிழமை, மேட்டுக்காணியில் மறுபடி இறக்கினோம். அப்பாவைக் கதிரையோடு தூக்கி வேலியோரம் வைத்தோம். மூன்றாவது சாலில் மண் கயிறு முறுக்கின மாதிரிப் புரண்டு விழுந்துகொண்டே வந்தது, கோரைக் கிழங்குகள் வேரோடு மேலே கிடந்தன. ஹான்டிலில் இரண்டு விரல் மட்டும் வைத்து நடந்தேன். திரும்பி வரும்போது அப்பா கைத்தடியைச் சாலுக்குள் விட்டு, தண்ணீர் அளக்கிற மாதிரி விரலால் அடையாளம் பிடித்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆழம் கூடிப்போச்சு தம்பி, ஒரு அரைச் சுத்து ஏத்து."

ஏற்றிவிட்டு அடுத்த சாலுக்குத் திருப்பினேன்.