ஸேவ் ரவுண்ட்ல ஷெரிஃப் வாங்கறவன திட்டாதீங்க

வலோரன்ட்னு அஞ்சுக்கு அஞ்சு பேரு ஆன்லைன்ல ஆடற துப்பாக்கி கேம்ல, எங்க டீமுக்குள்ள வர்ற ஒரே சண்ட பிஸ்டல் சண்ட தான். முதல் ரவுண்ட் தோத்துட்டு அடுத்ததுக்கு காசு சேக்கற (ஸேவ்) ரெண்டாவது ரவுண்ட்ல யாராச்சும் ஷெரிஃப் பிஸ்டல் வாங்கிட்டா போதும், "இன்னாத்துக்குடா காச கரியாக்கற, ஸேவ் பண்ணுடா"ன்னு மைக்ல கத்த ஆரம்பிச்சுடுவானுங்க. நாங்க அஞ்சு பேரு, நான் காட்பாடி, ரெண்டு பேரு சத்துவாச்சாரி, ஒரு அண்ணன் வாலாஜா, ஒரு தம்பி ஆம்பூர், 2019ல பிரிச்ச கணக்குப்படி பாத்தா மூணு மாவட்டம், ஆனா ஹெட்செட் மாட்டிட்டா எல்லாம் ஒரே "இன்னாபா" தான். இந்த சண்டையில நான் எப்பவும் ஷெரிஃப் பக்கம். ஏன்னு வாய்ல சொன்னா எவனும் முழுசா கேக்க மாட்றான், அதான் எழுதிட்டேன்.

மொதல்ல காசு கணக்கு. முதல் ரவுண்ட்லயும், சைட் மாறி வர்ற 13வது ரவுண்ட்லயும் எல்லாருக்கும் 800 கிரெடிட் (கேமுக்குள்ள இருக்கற காசு) தான், அவ்ளோதான் கையில. கிளாசிக் சும்மாவே வரும். கோஸ்ட் 500, ஃப்ரென்ஸி 450, ஷெரிஃப் 800. ஷார்ட்டின்னு ஒண்ணு இருக்கு, ரெண்டே குண்டு, பைண்ட் மேப்ல ஹூக்கா மாதிரி குட்டி ரூம்ல மூலையில நின்னுகினு இருந்தா தான் அதுக்கு வேல, மத்த எடத்துல வாங்காதீங்க. முதல் ரவுண்ட்ல ஷெரிஃப் வாங்கிட்டா ஷீல்டும் இல்ல, ஸ்மோக்கு ஃப்ளாஷு மாதிரி காசு குடுத்து வாங்கற அபிலிட்டியும் இல்ல, மொத்த காசும் ஒரே துப்பாக்கியில போயிடும், அதனால முதல் ரவுண்டுக்கு நான் கோஸ்ட் தான் சொல்லுவேன், மீதி 300க்கு அபிலிட்டி வாங்கிக்கலாம். இல்லன்னா ஓசி கிளாசிக்கையே வெச்சுகினு 400க்கு லைட் ஷீல்ட் போட்டுகினு மிச்சம் 400க்கு அபிலிட்டி எடுங்க, மொதல் ஆளா உள்ள நுழையற என்ட்ரிக்காரனுக்கு அது நல்லாவே செட் ஆகும். கிளாசிக்க யாரும் மதிக்கறதில்ல, ஆனா கிட்டத்துல ரைட் கிளிக் அடிச்சா ஒரே நேரத்துல மூணு குண்டு போகும், கதவு ஓரத்துல திடீர்னு எதிர்ல ஒருத்தன் வந்து நின்னா அது காப்பாத்தும்.

கோஸ்ட் ஏன் நல்லதுன்னா, ஷீல்ட் இல்லாதவன் தலையில 30 மீட்டருக்குள்ள பட்டா 105 டேமேஜ், 100 ஹெல்த்து, ஒரே குண்டுல காலி. முதல் ரவுண்ட்ல பாதி பேரு ஷீல்ட் போட மாட்டாங்க, அதனால அந்த 105க்கு அங்க மரியாத ஜாஸ்தி. சைலென்ஸர் இருக்கறதால ஸ்மோக்குக்குள்ள சுட்டா எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்கறதும் கஷ்டம். 30 மீட்டர தாண்டுனா 88 ஆயிடும், ப்ரீஸ் மாதிரி நீட்டு நீட்டா இருக்கற மேப்ல இத ஞாபகத்துல வெச்சுக்கணும்.

இப்ப ஷெரிஃபுக்கு வரேன். ஆறு குண்டு. தலையில 30 மீட்டருக்குள்ள 159. ஹெவி ஷீல்ட் போட்டவனுக்கு ஹெல்த்து 100, ஷீல்ட் 50, மொத்தம் 150. அதாவது 2900 குடுத்து வாண்டல் ரைஃபிள் வாங்கி 1000 குடுத்து ஃபுல் ஷீல்ட் போட்டுகினு வர்றவன, 800 கிரெடிட் துப்பாக்கி ஒரே குண்டுல சாய்க்கும், அந்த ஒரு நம்பருக்காகவே நான் இந்த துப்பாக்கிய விரும்பறேன். 30 மீட்டர் தாண்டுனா 145 ஆயிடும், அவன் வெறும் 5 ஹெல்த்தோட தப்பிச்சுடுவான், அதனால தூரத்துல நின்னு சண்ட போடவே கூடாது, மூலைக்கு வர வெச்சு தான் அடிக்கணும். உடம்புல பட்டா 55, மூணு குண்டு பட்டா ஃபுல் ஷீல்டும் தாங்காது, ஆனா அந்த மூணு குண்டு சுடற நேரத்துல அவன் ரைஃபிளால நம்மள முடிச்சுடுவான். தல தான் குறி.

சரி, ரெண்டாவது ரவுண்ட் கணக்கு, சண்டையே இங்க தான். முதல் ரவுண்ட் தோத்தா 1900 வரும், பழைய மிச்சம் ஒண்ணும் இல்லன்னே வெச்சுக்கங்க. ரெண்டாவதும் தோத்தா 2400 வரும். மூணாவது ரவுண்ட்ல வாண்டலும் ஹெவி ஷீல்டும் வாங்க 3900 வேணும். இப்ப 800க்கு ஷெரிஃப் எடுத்தா கையில 1100, கூட 2400 சேர்ந்தா 3500, இன்னும் 400 கொறையுது. ஒரு கில்லுக்கு 200. ரெண்டு பேர அடிச்சா சரியா 3900! அட்டாக் சைட்ல நீங்களே ஸ்பைக்க (வெடிகுண்ட) பிளான்ட் பண்ணா 300 கூட வரும், அப்ப ஒரு கில்லே போதும். அபிலிட்டிக்கு தனியா காசு வேணும்னு எங்க வாலாஜா அண்ணன் சொல்றது நியாயம் தான், ஆனா அந்த ரெண்டு கில்லுல எதிராளி துப்பாக்கி ஒண்ணு கையில கெடைச்சா கணக்கே தலகீழா மாறிடும், அத அவரு சேர்க்க மாட்றாரு. பை மெனுவுலயே அடுத்த ரவுண்டுக்கு கொறஞ்சது எவ்ளோ மிஞ்சும்னு காட்டும், வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாருங்க. அஞ்சு பேரும் ஷெரிஃப் எடுக்க சொல்லல, ஒவ்வொரு குண்டா நல்லா டேப் அடிக்கற ரெண்டு பேரு எடுத்தா போதும்.

போன வாரம் அசென்ட் மேப்ல நடந்தத சொல்றேன். ஸ்பைக் வெக்கற பி சைட்ல ஆம்பூர் தம்பி, கையில ஷெரிஃப், உடம்புல ஷீல்டே இல்ல. எதிர்ல ஸ்பெக்டர் துப்பாக்கி வெச்சுகினு மூணு பேரு பி மெயின் வழியா வரானுங்க, கால் சத்தம் தெளிவா கேக்குது. தம்பி எட்டியே பாக்கல. வாசல் ஓரத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி, சரியா தல உயரத்துல குறி பாக்கற கிராஸ்ஹேர வெச்சுகினு மவுஸ அசைக்காம நிக்கறான். மொதல் ஆளு வெளிய வந்தான், டொக்குனு ஒரே சத்தம், விழுந்தான். தம்பி அதே எடத்துல நிக்கல, ரெண்டு அடி சைடுல நவுந்து நின்னுட்டான். ரெண்டாவது ஆளு பழைய எடத்த பாத்து சுட்டுகினே வரான், இன்னொரு டொக்கு. மூணாவது ஆளு அப்படியே பின்னாடி ஓடிட்டான், அதுக்குள்ள நாங்க நாலு பேரும் ரொட்டேட் பண்ணி வந்துட்டோம், கீழ கெடந்த ரெண்டு ஸ்பெக்டரும் எங்களுக்கு. மைக்ல கொஞ்ச நேரம் யாருமே பேசல, அப்புறம் எல்லாரும் ஒரேடியா கத்துனோம்.

அந்த ரவுண்ட்ல தம்பி செஞ்சதுல தான் எல்லா விஷயமும் இருக்கு. ஷெரிஃப்ல நடந்துகினே சுட்டா குண்டு எங்க போவும்னு சாமிக்கு தான் தெரியும். ஏ கீ அமுக்கி எடது பக்கம் போய்கினு இருந்தா டக்குனு எதிர்பக்க டி கீய ஒரு தட்டு தட்டி நின்னு, அப்புறம் தான் கிளிக். ஒரு குண்டு சுட்ட ஒடனே அடுத்தத அடிக்காதீங்க, துப்பாக்கி மேல எகிறும், அது எறங்கற வரைக்கும் ஒரு மூச்சு பொறுங்க. பதட்டத்துல ஆறு குண்டையும் டப்டப்புனு காலி பண்றவனுக்கு இந்த துப்பாக்கி ஒத்தே வராது. இன்னொன்னு, ஷெரிஃப் செவுத்த நல்லா தொளைக்கும், மரப்பெட்டிக்கு பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சுகினு இருக்கான்னு தெரிஞ்சா பெட்டி மேலயே ரெண்டு குண்டு போடுங்க, கோஸ்ட் அந்தளவுக்கு தொளைக்காது.

எங்க ஊரு பசங்களுக்கு இத இன்னும் ஒரு காரணத்துக்காக சொல்றேன். நெறைய பேருக்கு நல்ல சிஸ்டம் கெடையாது, பழைய லேப்டாப், இல்ல கேமிங் சென்டர்ல மணிக்கணக்குல காசு குடுத்து ஆடறது. சித்திர வைகாசி வெயில்ல வேலூர்ல மனுஷனே தாங்கறதில்ல, லேப்டாப் எங்க தாங்கும், சூடேறி எஃப்பிஎஸ் (படம் ஓடற வேகம்) விழுந்துடும். படம் திக்கித் திக்கி ஓடறப்ப ரைஃபிள் ஸ்ப்ரேய கட்டுப்படுத்தவே முடியாது. ஆனா நின்னு, குறி வெச்சு, ஒரு குண்டு அடிக்கறதுக்கு அந்த சிஸ்டமே போதும். மும்பை சர்வர் கெடைச்சா பிங்கும் பெருசா தொந்தரவு பண்ணாது. பிஸ்டல்ல கை படிஞ்சவனுக்கு வாண்டல் தானா வரும், ஏன்னா அதுலயும் மொத குண்டு தல உயரத்துல போகணும் அவ்ளோதான்.

அப்கிரேட் பத்தி கேக்கற சின்ன பசங்களுக்கு, துப்பாக்கிக்கு ஸ்கின்னு (வேற தோற்றம்) போட்டா டேமேஜ் ஏறாது, ஒரு பாயின்ட் கூட ஏறாது. ரேடியனைட் பாயின்ட் செலவு பண்ணி லெவல் ஏத்துனா சத்தம், எஃபெக்ட்டு, கடைசி கில்லுக்கு ஒரு ஃபினிஷர், இதெல்லாம் தான் மாறும். அழகா இருக்கும், நான் இல்லன்னு சொல்லல, ஆனா வீட்ல அப்பா ஜிபேல அதுக்கு காசு போட வெக்காதீங்க. ஏஜென்ட் (நாம ஆடற கேரக்டர்) கியர்ல கிங்டம் கிரெடிட் போட்டு திறந்தாலே துப்பாக்கி ஸ்கின் கெடைக்கும், ஃபீனிக்ஸுக்கு ஸ்பிட்ஃபயர் ஃப்ரென்ஸி மாதிரி. கிங்டம் கிரெடிட் தெனம் ஆடுனாலே சேரும், ரூபா வேணாம்.

பிராக்டீஸுக்கு நான் பண்றது, மேட்ச்சுக்கு முன்னாடி பயிற்சி ரேஞ்சுல மீடியம் லெவல் பொம்மைங்க (பாட்), ஷெரிஃப் மட்டும், வேகம் பாக்காம ஒரு பொம்மைக்கு ஒரு குண்டு. அப்புறம் ஒரு டெத்மேட்ச், அங்க எந்த துப்பாக்கியும் ஓசி தான், எல்லாரும் வாண்டலோட ஓடுவானுங்க, நீங்க ஷெரிஃபோட ஓடுங்க, கடைசி எடத்துல வந்தாலும் பரவால்ல.

அப்புறம் ரைஃபிள் கையில வந்துட்டா பிஸ்டல மறந்துடறீங்களே, அது ரெண்டாம் நம்பர்ல அப்படியே தான் இருக்கு, ரவுண்ட்ல உயிரோட தப்பிச்சா அடுத்த ரவுண்டுக்கும் கூட வரும். வாண்டல் ரீலோட் ஆக ரெண்டரை செகண்ட். எதிர்ல ஒருத்தன் 20 ஹெல்த்தோட நிக்கறப்ப குண்டு தீந்துட்டா ஆர் அமுக்காதீங்க, ரெண்ட அமுக்குங்க.