போனை வைத்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்

7 ஜூன் 2025, சனி

எழுத்துப் பிழை இருந்தால் அது போலி என்று வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தருவது இனிப் போதாது. மோசடிக் குறுஞ்செய்திகள் இப்போது சுத்தமான மொழியில் வருகின்றன. திரையில் தெரியும் எண்ணையும் நம்ப முடியாது. வங்கியின் எண்ணே தெரியும்படி செய்துவிடுகிறார்கள். அனுப்புநர் பெயரைப் போலியாக வைத்தால், வங்கி அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். இணைய முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படம், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொன்னது. அந்தப் பக்கத்தை நடத்துபவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. பலர் அப்படி நினைத்துக்கொண்டதால் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது.

அதனால் பெரியம்மாவிடமும் பெரியப்பாவிடமும் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறேன். பணம், கடவுச்சொல், ஓடிபி என்று யார் பேச்செடுத்தாலும் போனை வைத்துவிடுங்கள். அப்புறம் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பாதிப் பேச்சில் வைப்பது மரியாதையில்லையே என்று பெரியம்மா தயங்கினார். அந்த நல்ல குணத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். "உண்மையான வங்கிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் பெரியம்மா" என்றேன். சரி என்றார்.

9 ஜூன், திங்கள்

பெரியப்பா மதியம் கூப்பிட்டார். மடிக்கணினித் திரை முழுக்க மைக்ரோசாஃப்ட் பெயரில் சிவப்பு எச்சரிக்கை, காதைக் கிழிக்கும் சைரன், "வைரஸ் தாக்கியுள்ளது, உடனே அழைக்கவும்" என்று ஒரு எண். அவர் அந்த எண்ணுக்குப் போடாமல் எனக்குப் போட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி!

எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். திரை சுருங்கியது, பக்கத்தை மூடினார், முடிந்தது. அதுவும் சரிப்படாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. அந்த எண்ணுக்கு அழைத்திருந்தால், எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியை நிறுவச் சொல்லி கணினியையே தங்கள் கைக்குள் கொண்டுபோயிருப்பார்கள்.

11 ஜூன், புதன்

மூன்று விநாடிக் குரல் பதிவு இருந்தால் போதும், அதே குரலில் பேசவைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் காட்டினார்கள். "பாட்டி, விபத்தில் மாட்டிக்கொண்டேன், அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று பேரன் குரலில் அழுதால் எந்தப் பாட்டியின் மனசு தாங்கும்? வீட்டுக்குள் ஒரு ரகசியக் கேள்வி வைத்துக்கொள்ளலாம் என்றேன். பிறந்த நாள், பள்ளியின் பெயர் என்று இணையத்தில் கிடைப்பது எதுவும் கூடாது. பெரியம்மா யோசித்து, எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பழைய சம்பவத்தை எடுத்தார். அதை இங்கே எழுத மாட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

இன்று முதியோர் கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாள். ஐ.நா. 2011இல் அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் 2024இல் 60 வயதைத் தாண்டியவர்கள் இழந்ததாக அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் புகாரான தொகை 480 கோடி டாலருக்கு மேல். இது வெளியே சொன்னவர்களின் கணக்குதான்.

நண்பர் ஒருவரின் அப்பா சொல்லவில்லை. முதலீட்டுச் செயலி ஒன்றில் முதலில் சிறு தொகை போட்டார். லாபம் தெரிந்தது, கொஞ்சம் எடுக்கவும் விட்டார்கள். அந்த நம்பிக்கையில் சேமிப்பு முழுவதையும் போட்டார். எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு என்றார்கள். கட்டினார். பிறகு எல்லாம் மறைந்தது. மகன் திட்டுவான் என்று வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் இன்னொருவர் கூப்பிட்டு, போன பணத்தை மீட்டுத்தருகிறேன், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்றார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால் இப்படி இரண்டாம் முறையும் வருவார்கள். அவர் அதையும் அனுப்பினார்.

"படித்தவர், எப்படி ஏமாந்தார்?" என்று கேட்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அவசரப்படுத்துவது, பயமுறுத்துவது, யாரிடமும் சொல்லாதே என்று தனிமைப்படுத்துவது எல்லாம் நாளெல்லாம் அதையே தொழிலாகச் செய்பவர்களின் வேலை. இந்தக் கேள்வி காதில் விழுந்த பெரியவர் அடுத்த முறை நம்மிடம் வரவே மாட்டார்.

18 ஜூன், புதன்

பெரியப்பாவின் சம்மதத்தோடு சில மாற்றங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காது, ஆறு இலக்க ரகசிய எண்ணும் போட்டாயிற்று. ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பை வங்கியில் குறைத்தோம். போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாமே என்றார் ஓர் உறவினர். எனக்கு அதில் சம்மதமில்லை. அது அவருடைய போன், அவருடைய பணம்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது என்று பெரியம்மா கேட்டார். முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தடுக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்து காவல்துறை. கோபத்தில் செய்திகளை அழித்துவிடக் கூடாது, அவைதான் சாட்சி. தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையாவது போட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பெரியம்மா இதையெல்லாம் பெரிய எழுத்தில் தானே எழுதி, வங்கியின் எண்ணோடு போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.