அறுபது வீட்டுச் சங்கமும் வார்டு கவுன்சிலரும்

கோவையில் வடவள்ளி, சரவணம்பட்டி, குனியமுத்தூர் பக்கமெல்லாம் ஐம்பது, அறுபது வீடு கொண்ட நகர்கள் வரிசையாக இருக்கின்றன. திருப்பூர், ஈரோட்டிலும் அப்படியே. நகருக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கும். இந்தச் சங்கங்களோடு வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் குறை, “கவுன்சிலர் நம்ம பக்கம் திரும்பியே பாக்கறதில்லைங்க” என்பது. விசாரித்தால், வீதியில் சாக்கடைத் தண்ணீர் ஓடிய அன்றுதான் சங்கம் அவரை முதன்முதலாகப் பார்க்கப் போயிருக்கும். அதுவும் இருபது பேர் ஒன்றாக, கோபத்தோடு.

சிறிய சங்கத்துக்கு ஓட்டு பலம் குறைவு. அறுபது வீட்டில் நூற்றைம்பது ஓட்டு தேறலாம். அதிலும் பலருடைய பெயர் இன்னும் பொள்ளாச்சியிலோ தாராபுரத்திலோ சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கும். (குடிவந்த ஆறு மாதத்துக்குள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றச் சொல்வதே சங்கத்தின் முதல் வேலையாக இருக்கலாம்.) ஆனால் எந்த அரசியல்வாதியிடமும் இல்லாத ஒன்று சிறிய சங்கத்திடம் இருக்க முடியும். அது, தன் நகரைப் பற்றிய முழுமையான கோப்பு. கவுன்சிலர் பேசுவதற்கு வேண்டிய தாளைத் தயாராகக் கையில் கொடுக்கிற சங்கத்தை அவர் மறப்பதில்லை.

கோப்பில் முதலில் இருக்க வேண்டியது லே-அவுட் அனுமதி நகலும் தானப் பத்திரமும். மனைப்பிரிவு போட்டவர் சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும், அதாவது நம் பக்கம் ‘ரிசர்வ் சைட்’ என்று சொல்வதை, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் அங்கே பொதுப் பணத்தைச் செலவழிக்க முடியும். பல நகர்களில் இதுதான் முட்டுக்கட்டை. வீதி கண்ணுக்குத் தெரியும், மக்கள் நடக்கிறார்கள், ஆனால் தாளில் அது இன்னும் மனை விற்றவர் பெயரிலேயே கிடக்கும். கவுன்சிலர் மனமார முயன்றாலும் செலவு மதிப்பீடு போடும் இடத்தில் பொறியாளர் நிறுத்திவிடுவார். இது தெரியாமல் சங்கம் கவுன்சிலரைத் திட்டும், கவுன்சிலர் சங்கத்தைத் தவிர்ப்பார், உறவு அங்கேயே கெடும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. தனித்தனி மனையை வரன்முறைப்படுத்தி ரசீது வைத்திருக்கிறவர்கள் பலர், வீதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்று பார்த்திருக்க மாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தானப் பத்திரம் இல்லையென்றால், சாலை கேட்கும் மனுவுக்கு முன்னால் ஒப்படைப்புக்கான மனுதான் போக வேண்டும்.

ரிசர்வ் சைட் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். பாதி இடத்தில் சங்கமே பிள்ளையார் கோயில் கட்டிவிட்டு, மீதி இடத்துக்குப் பூங்கா கேட்டு கவுன்சிலரிடம் போகிறது. பொது ஒதுக்கீட்டு இடத்தில் கட்டடம் எழுப்பியதை எதிர்த்து யாராவது ஒருவர் நீதிமன்றம் போனால், அதற்குத் துணை நின்ற அரசியல்வாதியின் பெயரும் சேர்ந்து அடிபடும். அவரை அந்த நெருக்கடியில் மாட்டிவிட்ட சங்கம் பிறகு எதைக் கேட்டாலும் தயங்குவார். கோயில் வேண்டுமென்றால் சொந்த மனை வாங்கிக் கட்டுவதுதான் முறை.

அடுத்தது, யாரிடம் எதைக் கேட்பது. கவுன்சிலர் கையில் காசோலைப் புத்தகம் கிடையாது. அவர் உதவிப் பொறியாளரிடம் மதிப்பீடு கேட்கலாம், மண்டலக் கூட்டத்தில் வைக்கலாம், மாமன்றத்தில் எழுந்து பேசலாம். கோவை மாநகராட்சியில் 100 வார்டு, 5 மண்டலம். மண்டலத் தலைவரையும் கவுன்சிலர் வழியாகவே பார்ப்பது நல்லது, அவரைத் தாண்டிப் போனால் வருத்தம் வரும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் நான்கு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள கவுண்டம்பாளையம் போன்ற தொகுதியில் 3 கோடியைப் பிரித்துப் பாருங்கள். ஆகவே அவர்களிடம் ஒரு வீதிக்குத் தார் போடக் கேட்பதைவிட, நாலைந்து நகர் சேர்ந்து பயன்படுத்தும் அங்கன்வாடி, நியாயவிலைக் கடைக் கட்டடம் போன்றவற்றைக் கேட்பது எடுபடும். உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாகச் சங்கங்கள் நினைக்கின்றன. அந்தக் கடிதம் ஆட்சியரிடம் போய், மதிப்பீடு வந்து, நிர்வாக அனுமதி ஆகி, ஒப்பந்தம் விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டு, அதை உறுப்பினரின் உதவியாளருக்குத் தெரிவிக்கிற சங்கத்துக்கே வேலை நடக்கிறது.

தெருவிளக்கு எரியாததற்கு மாநகராட்சி பொறுப்பு. கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம். நல்ல தண்ணி வருவதில்லை என்றால் பிரச்சினை வீதிக் குழாயிலா, மேல்நிலைத் தொட்டியிலா, சிறுவாணி–பில்லூர் வரத்திலா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வீதிக் குழாய் கவுன்சிலர் தீர்க்கக் கூடியது, வரத்து அவரால் முடியாதது.

மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. “எங்கள் நகருக்கு அடிப்படை வசதிகள் செய்து தர வேண்டும்” என்று எழுதினால் எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு போட முடியாது. “4-வது வீதி, நீளம் 140 மீட்டர், அகலம் 7 மீட்டர், 22 வீடு, பாதாளச் சாக்கடை இணைப்பு முடிந்தது, குடிநீர்க் குழாய் பதித்தாயிற்று, தானப் பத்திர எண் இன்னது” என்று எழுதினால் போட முடியும். சாக்கடையும் குழாயும் முடிந்ததைச் சொல்வது முக்கியம். அவை முடியாமல் தார் போட வைத்தால் ஆறு மாதத்தில் தோண்டிவிடுவார்கள், கெட்ட பெயர் கவுன்சிலருக்கும் வரும், திரும்பப் போட நிதி கிடைக்காது. அவசரப்படும் உறுப்பினர்களைச் சங்கம்தான் பொறுக்கச் சொல்ல வேண்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டோ முத்திரையோ வாங்காமல் திரும்பக் கூடாது. மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலும் மார்ச்சில் வருவதால், பெரிய வேலைக்கான மனு நவம்பர், டிசம்பரிலேயே கவுன்சிலர் கையில் இருக்க வேண்டும்.

கவுன்சிலருடனான முதல் சந்திப்பில் எதுவும் கேட்காமல் வருவது நல்லது. மூன்று பேர் போதும்: நகரில் பழையவர் ஒருவர், ஒரு பெண், கோப்பு தெரிந்தவர் ஒருவர். காலை ஏழரை மணிக்குள், முகூர்த்த நாள் இல்லாத அன்றைக்குப் போக வேண்டும். வளர்பிறை முகூர்த்தத்தில் அவருக்குப் பத்துக் கல்யாணம் இருக்கும். உள்ளாட்சியில் 50 விழுக்காடு இடம் பெண்களுக்கு என்பதால் உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். தொலைபேசியை வீட்டுக்காரர் (கணவர்) எடுப்பார், வீட்டுக்காரரே வந்து பேசுவார். அவரிடம் மரியாதையாகப் பேசலாம், ஆனால் மனு கவுன்சிலர் பெயருக்கு, அவர் கையில் போக வேண்டும். “அக்கா, நீங்க ஒருக்கா நேர்ல வந்து பாருங்க” என்று சங்கத்துப் பெண்கள் கூப்பிட்டால் வருவார்கள். வீதியை நடந்து பார்த்தவர் மாமன்றத்தில் பேசும்போது அந்த வேறுபாடு தெரியும்.

கட்சி விஷயத்தில்தான் சங்கங்கள் அதிகம் சறுக்குகின்றன. 2021-இல் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின, 2022-இல் மாநகராட்சி தி.மு.க. கைக்கு வந்தது. அப்போது சட்டமன்ற உறுப்பினர் ஒரு பக்கம், கவுன்சிலர் மறு பக்கம் என்று ஆனது. சங்கத் தலைவர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் மற்றவரின் கதவு சாத்திக்கொள்ளும். காப்புக்கட்டு முடிந்து நடக்கும் நகர்ப் பொங்கல் விழாவுக்கு இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். அழைப்பிதழில் பதவி வரிசைப்படி பெயர் போடுங்கள். மேடையில் பதவியில் இருப்பவர்கள் மட்டும். கட்சிகளின் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளரிடம் உறவு வேண்டும்தான், அவர்கள் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் அவர்களுக்கு மேடை கொடுத்தால் கொடியும் கூடவே வரும். பரிசுப் பொருளுக்கு அரசியல்வாதியிடம் பணம் வாங்குவது எங்கள் பார்வையில் தவறு. தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளலாம், யாருக்கும் ஆதரவுத் தீர்மானம் போடக் கூடாது. பவானி ஆற்று உபரி நீரைக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டக் கோரிக்கை எத்தனையோ ஆட்சிகளைக் கடந்து உயிரோடு இருந்து 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அது ஒரு கட்சியின் கோரிக்கையாக இருந்திருந்தால் இடையிலேயே விழுந்திருக்கும்.

பங்களிப்போடு போகிற சங்கத்துக்கு மதிப்பு கூடுதல். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 6 லட்சம் ரூபாயில் பூங்காச் சுற்றுவேலி என்றால் சங்கத்தின் பங்கு 2 லட்சம், அறுபது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 3,334 ரூபாய். ரொக்கமாக எவர் கையிலும் கொடுக்க வேண்டாம். உள்ளாட்சியின் பெயரில் வரைவோலையாகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

ஊராட்சிப் பகுதி நகர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, கிராம சபைத் தீர்மான நகலைக் கையில் வைத்திருந்த நகர்களே தடுமாறவில்லை.

வேலை முடிந்ததும் நன்றிக் கடிதம் எழுதுங்கள்: பொறியாளருக்கு ஒன்று, நகல் கவுன்சிலருக்கு. பூமி பூஜையில் அவர் படம் எடுத்துக்கொள்ளட்டும், அது அவருக்கு உரியது. ஆடியிலும் மார்கழியிலும் பூஜைக்குத் தேதி கேட்டு நச்சரிக்க வேண்டாம். சங்க நிர்வாகிகள் மாறும்போது புதியவர் பெயர்களை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த கையோடு, கோப்பையும் ஒப்புகைச் சீட்டுகளையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு, பழைய தலைவரே புதியவரைக் கவுன்சிலரிடம் அழைத்துப் போய் அறிமுகப்படுத்த வேண்டும்.