எக்ஸ்பியில் காணாமல் போன முக்கால் ஜிபி

மார்ச் 4
அச்சகத்து அண்ணனின் கணினியில் இரண்டு 2 ஜிபி ரேம் போட்டாயிற்று. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் 4096 எம்பி, அதாவது 4 ஜிபி என்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி 3.25 ஜிபி என்கிறது. "தம்பி, முக்கால் ஜிபி எங்க போச்சு?" என்றார். புது விண்டோஸுக்கு மாற வழியில்லை. அவருடைய ஸ்கேனரை விண்டோஸ் இயக்கத் தேவையான மென்பொருளான டிரைவர், எக்ஸ்பிக்கு மட்டும்தான் உண்டு.

மார்ச் 5
வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் நினைவக முகவரிகளைப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டின் பகுதி D0000000 என்ற பதினறும (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) முகவரியில் தொடங்குகிறது. கணக்குப் போட்டால் அது சரியாக 3.25 ஜிபி! ரேமின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும்; 32 பிட் எண்ணில் 4 ஜிபிக்குத்தான் முகவரி உண்டு. கிராபிக்ஸ் கார்டு, பிசிஐ கார்டுகள், பயாஸ் எல்லாம் அதன் மேல்பகுதியில் இடம் பிடித்துவிடுகின்றன. அங்கே வரவேண்டிய ரேமுக்கு முகவரி இல்லை. ரேமில் பழுது எதுவும் கிடையாது.

மார்ச் 7
"32 பிட் என்றாலே 4 ஜிபிதான்" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. 1995இல் வந்த பென்டியம் ப்ரோ செயலியிலேயே பிஏஇ (முகவரியை நீட்டும் வசதி) இருந்தது. நிரலின் முகவரியை ரேம் முகவரியாக மாற்ற உதவும் பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 4 பைட்டிலிருந்து 8 பைட்டானது; முகவரி 36 பிட்டானது; எல்லை 64 ஜிபிக்குப் போனது. 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸ் இதை வைத்துத்தான் தொடக்கத்தில் 32 ஜிபி வரை எடுத்துக்கொண்டது.

இந்த எக்ஸ்பியிலும் பிஏஇ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸிலேயே எழுதியிருக்கிறது. 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2இன் டிஇபி (தரவுப் பகுதியில் இருப்பதை நிரலாக ஓடவிடாத) பாதுகாப்புக்குத் தேவையான பிட், அந்த 8 பைட் பதிவில்தான் இருக்கிறது. ஆனாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளை எக்ஸ்பி தொடுவதில்லை. காரணம் டிரைவர்கள். வீட்டுக் கணினிகளுக்கான பல டிரைவர்கள் முகவரியை 32 பிட்டாகவே வெட்டிப் படித்தன. மேல் பிட்டுகள் போனால் தரவு வேறொரு நிரலின் நினைவகத்தில் போய் விழும். கணினி பிழை காட்டும் நீலத்திரையில் நிற்கும். மைக்ரோசாஃப்ட் கதவை மூடியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதைப் பயனருக்கு விளங்கும்படி திரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 8
பயாஸில், முகவரி கிடைக்காத ரேமை 4 ஜிபிக்கு மேல் நகர்த்தும் மெமரி ரீமேப்பை இயக்கி, பிஏஇ கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உள்ள லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். ஏறக்குறைய 4 ஜிபியும் தெரிந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது: "அப்போ எக்ஸ்பியிலயும் திறந்து விடேன்."

எக்ஸ்பியின் கெர்னலைத் திருத்தும் பேட்ச்கள் (சிறு மாற்றக் கோப்புகள்) கிடைக்கின்றன. வேண்டாம் என்றேன். அந்த ஸ்கேனர் டிரைவர் 4 ஜிபிக்கு மேல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மேலும், எக்ஸ்பியில் ஒரு நிரலுக்குச் சாதாரணமாக 2 ஜிபி முகவரி இடம்தான். அவர் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கு அதுவே தாராளம். 3.25இலேயே விட்டாயிற்று.